பரீட்சை முடியட்டும்

என் தம்பி ஜெபஸ்டினுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "நான் பறிக்கல" என்று அழுதுகொண்டு வந்து நிற்பான். அப்படிப்பட்டவன் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "அப்பா ஐசியூல இருக்காவக்கா. டாக்டர்மாரு நல்லா பாத்துக்கிடுதாவ. ஒண்ணும் பயமில்ல" என்று ஒரே மூச்சில் சொன்னான். யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்தது யார் என்றும் தெரிந்தது. எங்கள் அம்மா ரெபேக்காளைத் தவிர வேறு யார்?

காரை ஓட்டியவன் பீர் மைதீன். குற்றாலத்தில் அப்பா கடைக்கு எதிரே உள்ள கார் ஸ்டாண்டில் நிற்பவன், தம்பியின் கூட்டாளி. என்னைக் கண்டால் "என்ன ஷெர்லிக்கா, லண்டன் மகாராணி சௌக்கியமா?" என்று ஆரம்பிக்கிற வாயாடி. அன்றைக்கு "வாங்கக்கா" என்பதோடு வாயை மூடிக்கொண்டான். காரில் பாட்டும் போடவில்லை. பாட்டு இல்லாமல் பீர் மைதீன் எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து பக்கத்துத் தென்காசி வரைக்கும்கூட வண்டி ஓட்டியது கிடையாது.

நான் நர்ஸ். கேள்வி கேட்பது என் தொழில். நெடுமங்காடு தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"பிபி எவ்வளவுலே?"

"நூத்தி இருவது, எண்பது."

"சுகர்?"

"நூத்தி நாப்பதுக்கா."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல, விட்டுட்டு."

"சாச்சுரேஷன்? ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு விரல்ல மாட்டிப் பாப்பாவல்லா, அது."

ஜெபஸ்டின் முன்சீட்டில் இருந்து பீர் மைதீனைப் பார்த்தான். பீர் மைதீன் ரோட்டைப் பார்த்தான்.

"தொண்ணூத்தெட்டு" என்றான் தம்பி.

ஐசியூவில் கிடக்கிற மனுஷனுக்கு! எனக்கே அந்த நேரத்தில் பிபி அவ்வளவு அழகாக இருந்திருக்காது. இந்த எண்களோடு ஒரு ஆள் படுத்திருந்தால், எழுந்து வீட்டுக்குப் போங்கள் அண்ணாச்சி, கட்டில் வேண்டும் என்று நானே துரத்தியிருப்பேன். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். யூரின் போகிறதா, கண்ணைத் திறந்து பார்க்கிறாரா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா. அவனும் சொல்லிக்கொண்டே வந்தான். நான் கேட்கிற வரைக்கும் அப்பாவுக்கு பிபி இருந்தது.

நான் இங்கிலாந்தில் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலப் பரீட்சை எழுதினேன், கம்ப்யூட்டர் பரீட்சை எழுதினேன், விசா வாங்கினேன், பிப்ரவரிக் குளிரில் போய் இறங்கினேன். இறங்கிவிட்டால் நர்ஸ் என்றுதான் ஊரில் எல்லாருக்கும் நினைப்பு. எங்கள் சர்ச் ஐயர் சபையில் எழுந்து நின்று எனக்காக நன்றி ஜெபமே பண்ணிவிட்டார். ஆனால் அங்கே ஆஸ்கி என்று ஒரு செய்முறைப் பரீட்சை இருக்கிறது. வரிசையாக அறைகள். சில அறைகளில் நோயாளியாக நடிக்கிறவர்கள் படுத்திருப்பார்கள், சிலவற்றில் பொம்மை, சிலவற்றில் எழுத்துக் கேள்வி. மார்க் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். எல்லா அறையும் பாஸானால் பதிவு எண் வரும், நீலச் சட்டை போட்டுக்கொண்டு நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் சாம்பல் நிறச் சட்டைதான். படுக்கை விரிக்கலாம், குளிப்பாட்டலாம், மருந்தைத் தொடக் கூடாது. மூன்று தடவை எழுதலாம். மூன்றும் போனால் வேலை போச்சு, விசா போச்சு, பெட்டியைக் கட்டு.

முதல் தடவை நான் ஃபெயில். ஊசியில் இல்லை, கட்டுப் போடுவதில் இல்லை. ஒரு எழுத்துக் கேள்வியில். வயதான ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய். அவருடைய மகன் நர்ஸிடம் வந்து, தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுவரை அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்கிறான். நீ என்ன செய்வாய்? நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. குடும்பத்தின் விருப்பத்தை மதிப்பேன், கல்யாணம் முடிந்தபின் பக்குவமாகச் சொல்லலாம் என்று எழுதினேன். மேலகரத்தில் பிறந்தவள் வேறென்ன எழுதுவாள்? எங்கள் தெருவில் வேல்சாமி அண்ணாச்சி தன் வயிற்றில் இருப்பது அல்சர் என்று நம்பிக்கொண்டே செத்தார். தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. பெரிய மகன் பொத்திப் பொத்தி வைத்தியம் பார்த்தான் என்று எல்லாரும் மெச்சினோம். அதைத்தான் நான் எழுதினேன், வெள்ளைக்காரன் ஃபெயில் போட்டுவிட்டான்.

அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அப்பா அதைக் கேட்டதும் போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். ராத்திரி சாப்பிடாமல் படுத்தார், மறுநாள் கடைக்கும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். நான் இரண்டாம் தடவைக்காக என் அறைச் சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டினேன்: உண்மையைச் சொல், தள்ளிப் போடாதே. பல் தேய்க்கும்போது அதைப் படிப்பேன், தூங்கப் போகும்போதும் படிப்பேன்.

தென்மலை தாண்டி ஆரியங்காவில் பீர் மைதீன் டீக்கு நிறுத்தினான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரு தகரக் கூரை ஓரத்தில் ஒதுங்கினோம். டீயை வாங்கிப் பீர் மைதீன் என் கையில் கொடுத்தபோது நான் கேட்டேன்.

"ஏலே ஜெபஸ்டின், அப்பா செத்தாச்சு. அப்படித்தானே?"

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தான். முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுத அதே அழுகையை அழுதான்.

"எப்பம்லே?"

"நீ பரீட்சை எழுதுன அன்னைக்கு. விடியக்காலம். அம்மாதான், பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு…"

ஓங்கி ஒன்று விட்டேன் கன்னத்தில். டீக்கடைக்காரர் பதறிப்போய் மலையாளத்தில் என்ன, ஏது என்று கேட்டார். பீர் மைதீன் "ஒந்நுமில்ல சேட்டா, வீட்டுல மரணம்" என்றான். தம்பி கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அவனை இழுத்து எழுப்பி, அவன் தோளில் சாய்ந்து நானும் அழுதேன். அடிக்கிற கோபம் அதற்குப் பிறகும் அப்படியே இருந்தது.

அன்றைக்குக் காலையில், பரீட்சைக்குக் கிளம்புமுன், அம்மா எனக்காகப் போனில் ஜெபம் பண்ணினாள். எப்போதும் போலத்தான் பண்ணினாள். என் மகள் கைகளைத் திடப்படுத்தும், அவள் ஞாபகத்தைத் தெளிவாக்கும் என்று நிறுத்தி நிதானமாகப் பண்ணினாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்குகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"எதுத்த வீட்ல விசேஷம்ட்டி."

"அப்பாட்ட குடு, ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

"அவிய கடைக்குப் போயிட்டாவ. சீசன்லா, கூட்டம் அள்ளுது. நீ போ, போயி நல்லா எழுது."

நாற்காலி எங்கள் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறது. அப்பா ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் இருந்திருக்கிறார். பக்கத்தில் நின்றுகொண்டு இவள் என் ஞாபகத்துக்காக ஜெபித்திருக்கிறாள். அடப் பாவி மகளே, குரல் ஒரு இடத்தில் நடுங்கியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேனே!

நடுங்கவில்லைதான். ஆனால் என்னவோ இடித்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குப் போகிறவர் இல்லை என் அப்பா. அதற்கு முந்தின வாரம் வீடியோவில் பேசும்போதும் மப்ளர் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, சாப்பிட்டியாட்டி என்று கேட்டதையே திரும்பக் கேட்டார். ஏன்பா இப்படி மூச்சு வாங்குது என்றேன். படி ஏறிட்டு வந்தேன் என்றார். நெட் சரியில்லை என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, நான் பரீட்சை அறைகளுக்குள் நுழைந்தேன். மருந்து கொடுக்கிற அறையில் வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர் நோயாளியாகப் படுத்திருந்தார். நடிப்புக்காக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு பேர் கேட்டேன், பிறந்த தேதி கேட்டேன், மாத்திரையைக் கொடுத்தேன். வெளியே வந்து கதவு மூடியபிறகு, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேனா என ஒரு சந்தேகம் வந்தது. கேட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

பரீட்சை முடிந்து போனை உயிர்ப்பித்தால் தம்பியின் செய்தி. அப்பாவுக்கு சீரியஸ், உடனே கிளம்பு. கிளம்பினேன்.

வீட்டு வாசலில் பந்தல். நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பெண்கள் சத்தம் போட்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லா எழுதுனியாட்டி?" என்று கேட்டாள். சத்தியமாக அதைத்தான் முதலில் கேட்டாள்.

நான் நேரே ஐஸ் பெட்டியிடம் போனேன். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் வேதப்புத்தகம், தலை படிய வாரியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே புதுத் துண்டு, அவர் கடைத் துண்டுதான். எனக்கு முகத்தைவிடக் காலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடியைத் திறக்கச் சொன்னேன். "வேண்டாம்ட்டி, பாக்காத" என்று அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டுத் துண்டை விலக்கினேன். வலது கால் கணுக்கால்வரை கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் கறுத்திருந்தன. பதினைந்து வருஷ சர்க்கரை நோயாளி. அதற்குமேல் யாரும் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டை மறுபடி போர்த்திவிட்டேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்தபிறகு, சுஜிதாவை வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். என்னோடு படித்தவள், தென்காசி ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். அப்பா கடைசியாகப் படுத்திருந்தது அவளுடைய வார்டில்தான். அப்பா அங்கே கிடந்த நாட்களிலும் அவள் எனக்கு வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தாள், ரோஜாப்பூப் படத்தோடு.

"நீயுமாட்டி?" என்றேன். "வெக்கமா இல்ல? நீ ஒரு நர்ஸு!"

"உங்க அம்மா என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ. நான் என்ன செய்ய?" என்று அழுதாள். "நீ திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. ஆனா முழுசாக் கேளு."

கேட்டேன். சீசன் ஆரம்பித்ததிலிருந்து அப்பா பகல் முழுக்கக் கடையில் ஈரத்தில் நின்றிருக்கிறார். அருவியில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட வந்து துண்டும் எண்ணெயும் வாங்குகிற கடை, தரை காயவே காயாது. ஈரச் செருப்பு உரசி விரலிடுக்கில் ஒரு கொப்புளம். சர்க்கரைக் காலில் வலி தெரியவில்லை. தெரிந்தபோது தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். காய்ச்சல் வந்து நடுங்க ஆரம்பித்தபிறகுதான் தம்பி தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். வீடியோவில் நான் பார்த்த மப்ளர் அந்தக் காய்ச்சலுக்குத்தான்.

"கால எடுத்துட்டா பொழச்சுக்கிடுவாருன்னு டாக்டர் சொன்னாவ ஷெர்லி. முட்டுக்குக் கீழ. அன்னைக்கே எடுக்கணும்னாவ. உங்கப்பா, 'எம் மவ நர்ஸு. அவகிட்ட கேக்காம எங்கால்ல கத்தி வைக்க விடமாட்டேன்'னு சொல்லிட்டாவ."

"அப்ப கேக்க வேண்டியதுதானே? எனக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"அதையேதான் டாக்டரும் சொன்னாவ. போன் போடுங்க அண்ணாச்சி, நானே பேசுதேன்னாவ. அதுக்கு உங்கப்பா…" சுஜிதா நிறுத்தினாள்.

"சொல்லித் தொலை."

"'அவளுக்குப் பரீட்சை இருக்கு, முடியட்டும். ரெண்டு நாள்தான, காலு எங்க போயிரப் போவுது'ன்னாவ. சிரிச்சிக்கிட்டே சொன்னாவ."

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஷெர்லியிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. பரீட்சை முடியாமல் ஷெர்லியிடம் கேட்கக் கூடாது. இரண்டுமே என்மேல் வைத்த பாசம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என் அப்பா ஸ்டான்லி செத்துப்போனார். 'எடுக்கச் சொல்லுங்கப்பா' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். பரீட்சை அறை வாசலில் நின்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தத்துக்குப் பந்தல்காரர்கள் கழற்றுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதான் கொன்னீங்க! அன்பு அன்புன்னு சொல்லியே கொன்னுட்டீங்க! நான் அங்கன வெள்ளைக்காரன் குண்டி கழுவிக்கிட்டு இருந்தது எதுக்கு? எங்கப்பன் கால் கறுத்துக் கெடக்கையில என்கிட்ட மறைக்கதுக்கா?"

"உனக்கு ஒரு தடவ போயிட்டேட்டி" என்றாள் அம்மா. "அன்னைக்கு அவிய இருந்த இருப்ப நீ பாக்கல. ரெண்டாந்தடவையும் போச்சுன்னா தாங்கமாட்டாவன்னுதான் நெனச்சேன்."

"இப்ப தாங்கிட்டாவளா?"

அவள் முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். "நடந்தது நடந்து போச்சு. நீ பாஸுன்னு வரட்டும். எனக்கு அது போதும். அவிய சும்மா சாவல, பிள்ளைக்காவத்தான் போனாவன்னு இருக்கும். அதுவும் இல்லன்னா நான் எதச் சொல்லி மனசத் தேத்துவேன்?"

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். தம்பியையும் இழுத்து உட்காரவைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது, நல்லதோ கெட்டதோ, அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு பேரையும் கைவைத்துச் சொல்லவைத்தேன். இருவரும் சொன்னார்கள். நானும் கைவைத்துச் சொன்னேன்.

அதற்கடுத்த நாட்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. போன் ஒலித்தால் என் முகத்தைப் பார்ப்பாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் "ரிசல்ட்டு இந்த வாரம் வரும்" என்பாள். வந்தவர்கள் செத்தவரைப் பற்றிப் பேச வாயெடுத்தால், இவள் என் பரீட்சையைப் பற்றிப் பேசுவாள். அந்தப் பரீட்சையின்மேல் அப்பாவின் சாவையே ஏற்றி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்து பார்க்கலாம் என்றாள். சாரலில் பூட்டிக் கிடந்தால் துணியெல்லாம் பூசணம் பூத்துவிடும். மூன்று பேரும் பீர் மைதீன் காரில் குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் தண்ணீர் கொட்டியது. எண்ணெய் தடவிய உடம்புகளும் ஈரத் துணிகளுமாக ஊரே நடந்துகொண்டிருந்தது. தம்பி கதவுப் பலகைகளைக் கழற்றினான். உள்ளே துண்டுகள், அரைக்கால் சட்டைகள், சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட். அப்பா உட்காருகிற முக்காலிக்குக் கீழே அவருடைய ரப்பர் செருப்பு அப்படியே கிடந்தது. இத்தனை நாளுக்குப் பிறகும் அது காயவில்லை. அம்மா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி துண்டுகளை உதறி மடிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் போன் சிணுங்கியது. பரீட்சைக்காரர்களின் மெயில்.

ஒரு பக்கமாகத் திரும்பி நின்று திறந்தேன். அறை அறையாகப் போட்டிருந்தது. பாஸ், பாஸ், பாஸ். உண்மையைச் சொல்வது பற்றிய எழுத்துக் கேள்வி, பாஸ். மருந்து கொடுத்தல், ஃபெயில். மருந்து கொடுக்குமுன் ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் கேட்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். மொத்தத்தில் ஃபெயில்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என் மனசு கலையக் கூடாது என்றுதானே எல்லாம் பண்ணினார்கள்? அந்த வெள்ளை மீசைக் கிழவர் மூச்சு வாங்கியதும், கடைக்குப் போயிட்டாவ என்று அம்மா சொன்னதும், நாற்காலி இறங்குகிற சத்தமும் வரிசையாக ஞாபகம் வந்தன. காலையும் எடுக்கவில்லை, பரீட்சையும் தேறவில்லை. அந்த மனுஷன் ஒன்றுமே இல்லாததற்குச் செத்திருக்கிறார்.

"என்னட்டி? ரிசல்ட்டா?"

திரும்பினேன். அம்மா பாதி மடித்த துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு தெரிய நின்றாள். கண் மட்டும் அப்படி விரிந்திருந்தது. தம்பி ஒரு பலகையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். உண்மையைச் சொல், தள்ளிப் போடாதே. வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்த கை இது. இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது, எழுதிப் பார்ப்போம் அம்மா என்று சொன்னால் முடிந்தது.

"பாஸ்மா" என்றேன்.

அம்மா அப்படியே அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். துண்டை முகத்தில் அமுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடக்கத்தில் அழாதவள், கடை அதிர அழுதாள். "கேட்டியளா… உங்க மவ பாஸாயிட்டா… கேட்டியளா… நீங்க சும்மா போவல…" என்று அந்தச் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். அருவிக்குப் போகிற கூட்டம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன மார்க்குட்டி?"

மார்க்கே கிடையாத பரீட்சை. என் வாய் யோசிக்கவே இல்லை.

"தொண்ணூத்தெட்டு."

தம்பியின் கையில் இருந்த பலகை கடைப்படியில் இடித்தது. விமான நிலையத்தில் பார்த்ததிலிருந்து என் முகத்தை நேராகப் பார்க்காதவன் இப்போது பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் பலகையை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஏலே, துக்க வீடு, மிட்டாய் வேண்டாம்" என்றாள் அம்மா, முகத்தைத் துடைத்தபடி. "ரம்புட்டான் வாங்கி அக்கம்பக்கத்துக் கடைக்கு ஒரு கை குடுத்துட்டு வா. அவிய எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தாவ."

அவன் சாரலில் இறங்கிப் போனான். பழக்கடையில் பை நிறைய வாங்கினான். அடுத்த கடை நாச்சியார் அக்காவின் சிப்ஸ் கடை. அங்கே நின்று பழத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டே, அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"எங்க அக்கா பாஸாயிட்டாக்கா. தொண்ணூத்தெட்டு மார்க்கு."

பிறகு அதற்கடுத்த கடைக்குப் போனான். அங்கேயும் அதையே சொன்னான். பொய் சொல்லவே வராத என் தம்பி கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டே போனான். அவன் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.